தன் காரைத் தானே தோற்கடித்தவர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் புகழ்ந்து எழுதியதால் 'டூ-லேன் பிளாக்டாப்' (1971) பார்த்தேன். பொறுமை இல்லாமல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பந்தயம் என்கிறார்கள், ஜெயித்தது யார் என்றே சொல்லவில்லை. நாயகர்களுக்கு நடிக்கவும் வரவில்லை. சாலைப் படம் என்றால் 'ஈஸி ரைடர்' போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒன்றரை மடங்கு வேகமா? எஞ்சின் சத்தம்தான் பாதிப் படம். அந்த 1955 மாடல் ஷெவர்லே கார், அதாவது ஷெவி, கியர் மாறும் ஓசையில்தான் உள்ளே இருக்கும் பையன்களின் மனசு தெரியும். அதை அவசரப்படுத்திவிட்டு ஒன்றுமில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அந்தப் பையன்களாக வரும் ஜேம்ஸ் டெய்லரும் டென்னிஸ் வில்சனும் இசைக்காரர்கள். இயக்குநர் மான்டி ஹெல்மன் முழுத் திரைக்கதையைக் கொடுக்காமல் அன்றன்றைக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் கொடுத்து, கதை போகும் வரிசையிலேயே எடுத்தார். நாளைக்கு என்ன என்று தெரியாதவன் முகம் அப்படித்தான் இருக்கும். 'ஈஸி ரைடர்' வேறு வகை, விடுங்கள்.

எனக்கு அவர்களை எதிர்த்துப் பந்தயம் ஓட்டுகிற வாரன் ஓட்ஸைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்தப் படத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. இவருக்கு ஓட்டுகிற போன்டியாக் ஜி.டி.ஓ. காரே பெயர். அடிக்கடி ஸ்வெட்டரை மாற்றுகிறார். லிஃப்ட் கேட்டு ஏறுகிறவர்களிடம் ஆளுக்கொரு கதை சொல்கிறார். என் பெரியப்பாவும் இப்படித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு நாள் ரிட்டயர்டு மிலிட்டரி என்பார், இன்னொரு நாள் மகன் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்வார். அவருக்குப் பிள்ளையே இல்லை. சின்ன வயதில் எனக்கு மானம் போகும். ஹெல்மனின் கேமரா ஓட்ஸைக் கேலி செய்யாமல் கூடவே உட்கார்ந்து கேட்கிறது. பெரியப்பாவிடம் நாங்கள் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

சரி, பந்தயம். வாஷிங்டன் வரை ஓட்ட வேண்டும், தோற்றவர் காரைக் கொடுத்துவிட வேண்டும். வழியிலேயே அது எல்லோருக்கும் மறந்துபோகிறது. கடைசியில் திரையில் பிலிமே எரிவதுபோல் படம் முடிவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய காட்சிதான் முடிவு. ஓட்ஸ் இரண்டு ராணுவ வீரர்களை ஏற்றிக்கொள்கிறார். தானே தட்டிச் சேர்த்த 55 ஷெவியை ஓட்டி, புத்தம்புது ஜி.டி.ஓ.வைத் தோற்கடித்து இந்தக் காரை ஜெயித்ததாக அவர்களிடம் சொல்கிறார். அந்தத் திருப்தி என்றைக்கும் போகாது என்கிறார். பையன்களின் வாழ்க்கையையே எடுத்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்கிறார். யாரும் முடிக்காத பந்தயத்தை அவர் ஒருவர்தான் முடித்துவைக்கிறார், அதுவும் தன் காரைத் தோற்கவைத்து. ஜெயித்தது யார் என்று படமே சொல்லிவிட்டது ஆர்., நீங்கள்தான் தாண்டி ஓடிவிட்டீர்கள்.