திரும்பத் திரும்ப வரும் சைனஸ்: கிருமிகள் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கல்ச்சர் பார்ப்பது, அதாவது சளி, சீழ் மாதிரியை லேபில் வளர்த்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது, என் வேலை. மருந்து எழுதுவது காது மூக்கு தொண்டை மருத்துவரின் வேலை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சரியாகிறது. கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடுகிறது. கிருமி சாகவே இல்லையா?

பெரும்பகுதி செத்திருக்கும். மிச்சம் இருப்பதுதான் தொல்லை. 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸில் பாக்டீரியாக்கள் பல நேரம் சவ்வின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பிசினுக்குள் உட்கார்ந்துவிடும். பயோஃபிலிம் என்பது இதுதான். மருந்து அதற்குள் சரியாக இறங்காது. உள்ளே இருப்பவை மந்தமாக வாழ்வதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகள் அங்கே அவ்வளவாகப் பலிக்காது. மருந்தை நிறுத்தியதும் அதிலிருந்து சில உதிர்ந்து மறுபடி பெருகும்.

அதைவிடப் பெரிய காரணம் வீக்கம். சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை; அது மூக்குக்குள் திறக்கும் வாசல் சில மில்லிமீட்டர்தான். வீக்கத்தால் அந்த வாசல் அடைத்தால் சளி தேங்கும், ஆக்ஸிஜன் குறையும், காற்றில்லாமல் வாழும் பிரிவோடெல்லா, ஃப்யூசோபாக்டீரியம் போன்றவை செழிக்கும். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் விடாமல் செய்யச் சொல்வது இதற்காகத்தான். பலர் முதலில் கைவிடுவதும் இந்த இரண்டைத்தான்!

கேள்வி: மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த டெஸ்டில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

நோயே இல்லாதவர்களிலும் சுமார் 10 பேரில் 3 பேருக்கு அது மூக்கின் முன்பகுதியில் குடியிருக்கும். எனவே அந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எண்டோஸ்கோப் வைத்து, சைனஸ் வாசலில் வழியும் சீழையே எடுத்திருந்தால் அதே பெயருக்கு மதிப்பு வேறு. ரிப்போர்ட்டில் மாதிரி எங்கிருந்து எடுத்தது என்ற வரியை முதலில் பாருங்கள்.

கேள்வி: சளி பச்சையாக இருந்தால் பாக்டீரியாதானே?

இல்லை. அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் வரும்.

கேள்வி: ஆபரேஷன் செய்தும் சீழ் வருகிறது. சூடோமோனாஸ் என்கிறார்கள்.

ஆபரேஷன் ஆனவர்களிடமும் பல சுற்று ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடமும் அடிக்கடி பார்க்கும் பாக்டீரியா இது. லேபில் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தாலே திராட்சை வாசனை அடிக்கும், அதிலுள்ள வளர்ப்பு ஊடகம் பச்சையாகியிருக்கும். வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது. சென்சிடிவிட்டி (எந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும் என்ற சோதனை) பார்க்காமல் மருந்து மாற்றிக்கொண்டே போவது வீண். அப்புறம், மூக்கு கழுவும் பாட்டில்! ஈரத்தோடு மூடி வைத்தால் இதே கிருமி அதில் வளரும். கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள். குழாய் நீரை நேராக ஊற்றவே கூடாது; அரிதாக அதில் இருக்கும் அமீபா மூளைக்கே போகக்கூடும். பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு பக்கம் மட்டும், கெட்ட நாற்றத்தோடு வருகிறது.

பல் மருத்துவரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னச் சைனஸின் அடித்தளத்தை ஒட்டியே இருக்கும். வேரில் சீழ் பிடித்தால் மேலே ஏறும். பல்லில் வலியே இல்லாமலும் இருக்கலாம். சைனஸுக்குள் பூஞ்சை திரண்டு உண்டாகும் உருண்டையும் இப்படி ஒரு பக்கமாக வரும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் அல்லது மங்கினால், காய்ச்சலோடு கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தால். காலை வரை காத்திருக்காதீர்கள்.