கேம் ஆடினால் மொழி வருமா?

வணக்கம்.
என் மகன் ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறான். பாடப்புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் பேசும் பையன்களோடு ஆன்லைனில் கேம் ஆடுகிறான். கேட்டால், "இதுதான் பயிற்சி" என்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பது அவன் ஆடும் கேமைப் பொறுத்தது.

2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானிய மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் அமைந்த இசை வீடியோ கேமை ஆடினார். மற்றவர் வேடிக்கை பார்த்தார். பிறகு சோதித்தபோது, அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள்தான். விரல்கள் பரபரக்கும்போது காதில் விழுவது மனதில் தங்குவதில்லை.

சுட்டுத்தள்ளும் ஆட்டங்களில் இந்தச் சிக்கல் அதிகம். "ஓடு", "பின்னால் பார்", "இங்கே வா" என்று முழுக்க ஏவல்தான். ஒரு வருடம் ஆடினாலும் நேற்று நடந்ததைச் சொல்ல வராது.

2018இல் வந்த 'அமாங் அஸ்' வேறு ரகம். ஆட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டது தெரிந்ததும் எல்லாரும் கூடி, கொன்றது யார் என்று விவாதிக்க வேண்டும். நீ எங்கே இருந்தாய்? யாரோடு போனாய்? ஸ்பானிஷில் இறந்தகாலம் ஒன்றல்ல. நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. "நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன், அப்போது அவன் வந்தான்" என்று சொல்ல இரண்டும் தேவை. தடுமாறினால் சந்தேகம் உங்கள் மேல் விழும். ஓட்டுப் போட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். வினைமுற்றுத் தவறுக்கு எந்த ஆசிரியரும் எனக்கு இவ்வளவு கடுமையான தண்டனை கொடுத்ததில்லை. நான் இரண்டு முறை வெளியே போயிருக்கிறேன், இரண்டு முறையும் நிரபராதியாக.

கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: கனடாவில் பல வருடம் பிரெஞ்சு வழியில் படித்த குழந்தைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேச்சில் பிழைகள் தங்கிவிட்டன. இதைக் கவனித்துத்தான் மொழி கற்றலை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல், பேசியாக வேண்டிய நெருக்கடியும் மொழி கற்பதற்கு அவசியம் என்று வாதிட்டார்.

கெட்ட வார்த்தைகளைத்தான் முதலில் கற்பான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்று ஆட்டம் முடிந்ததும், என்ன நடந்தது என்று ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் எங்கே திக்குகிறான் என்பது தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் பாடப்புத்தகத்தைப் புரட்டட்டும்.