கடற்கரை இருந்தும் கஜகஸ்தானை ஏன் நிலம்சூழ் நாடு என்கிறார்கள்?

நிலம்சூழ் நாடு என்றால் பெருங்கடலுக்குச் சொந்த வழி இல்லாத நாடு. கஜகஸ்தானுக்குக் கரை இருப்பது காஸ்பியனில். அது உள்நாட்டுக் கடல். வோல்கா ஆறு கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகித்தான் போகிறது. கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்துக் கப்பல் பெருங்கடலுக்குப் போக ரஷ்யாவின் வோல்கா-தோன் போன்ற கால்வாய்களைத்தான் நம்ப வேண்டும். வீட்டுக்கு வாசல் இருந்தும், தெருவுக்கு வரப் பக்கத்து வீட்டு முற்றத்தைத் தாண்டுகிற மாதிரி. உஸ்பெகிஸ்தான் பாடு இன்னும் மோசம்: அதன் அண்டை நாடுகள் ஐந்துமே நிலம்சூழ் நாடுகள்.

சரி, காஸ்பியனில் எல்லை எங்கே? 2018இல் அக்தாவில் ஐந்து கரை நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, கரையிலிருந்து 15 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்கு. அடுத்த 10 மைலில் மீன்பிடி உரிமை. அதோடு எல்லாமே பிரிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எண்ணெய் கிடக்கும் கடலடித் தரையை அண்டை நாடுகள் தங்களுக்குள் தனியாகப் பேசித்தான் பிரிக்க வேண்டும்.