பழைய சின்ன ரிவால்வர்: எந்த மாடல், எந்த வருஷம்? கேள்வி பதில்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் சிறிய ஃபிரேம் (உடற்சட்டம்) கொண்ட ரிவால்வர்களை அடையாளம் காண்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவில் இருப்பவர்கள். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்ததும் தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காரும் ஒவ்வொரு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். எத்தனை வருஷம் பெட்டியில் கிடந்திருந்தாலும் சரி, இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (டல்லாஸ்): உரிமம் பெற்ற கடையில் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒன்று வாங்கினேன். 2 அங்குலக் குழல், ஐந்து அறைகள். சிலிண்டரைத் திறந்தால் உள்ளே ஃபிரேமில் ஐந்து இலக்க எண் இருக்கிறது. அதை வைத்துத் தேடினால் நூறு வருஷத்துக்கு முந்தையது என்று வருகிறது. ஆனால் பார்த்தால் அவ்வளவு பழசாகத் தெரியவில்லையே?

பதில்: உங்கள் சந்தேகம் சரி. என்னிடம் அதிகம் வரும் குழப்பமும் இதுதான். சிலிண்டரைத் தாங்கும் கை மடங்கி உட்காரும் இடத்தில் இருப்பது சீரியல் எண் அல்ல. தொழிற்சாலையில் பாலிஷ், பூச்சு வேலைக்கு அனுப்பும்போது பாகங்கள் ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாது என்று அடித்த எண் அது. வருஷம் பார்க்க அது உதவாது.

உண்மையான சீரியல் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். பெரிய ரப்பர் பிடியோ மரப்பிடியோ மாட்டியிருந்தால் அது மறைந்திருக்கும். திருகைக் கழற்றிப் பிடியை எடுத்துப் பாருங்கள். திருப்புளி திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை கிழிந்துவிடும். பழைய துப்பாக்கிகளில் இதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் பாகங்கள் மாறவில்லை என்று நம்பலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது .38 ஸ்பெஷல் தோட்டா போடும் சீஃப்ஸ் ஸ்பெஷலாக இருக்க வாய்ப்பு அதிகம். 1950இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அறிமுகமானது. அந்தப் பெயரும் அங்கேதான் வந்தது. ஜே ஃபிரேம் என்று இன்று சொல்லும் சிறிய ரிவால்வர் வரிசை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி வருஷத்தை நெருக்கிப் பிடிக்கலாம். நீங்கள் எண் பார்த்த அதே இடத்தில் மாடல் 36 என்று அடித்திருக்கிறதா பாருங்கள். 1957இல்தான் மாடல் எண்கள் வந்தன. இல்லையென்றால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். சிலிண்டரைத் திறக்கும் கட்டை மேடில்லாமல் தட்டையாக இருந்தால் அதற்குப் பிந்தையதல்ல, 1966 வாக்கில் அந்த வடிவம் போய்விட்டது. மரப்பிடியில் திருகைச் சுற்றி வைர வடிவம் விட்டிருந்தால் 1968க்குள், அதாவது பிடி பிற்காலத்தில் மாற்றப்படாமல் இருந்தால். சீரியல் எண்ணுக்கு முன் ஜே என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1969 முதல். குழலைப் பிடித்திருக்கும் சின்ன ஊசி ஃபிரேமின் குறுக்கே தெரிந்தால் 1982க்கு முந்தையது. ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். பிடி கழன்று வேறு பிடி வரும், கட்டையும் மாறும். நான்கு அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டினால்தான் அந்தக் காலம்.

கேள்வி (நியூ ஜெர்சி): என் மாமனாருடையது வேறு மாதிரி. ஹேமரே (தோட்டாவைத் தட்டும் சுத்தியல்) வெளியில் தெரியவில்லை, கைப்பிடியின் பின்னால் அழுத்தும் கட்டை ஒன்று இருக்கிறது. குழல் மேலே காப்புரிமைத் தேதிகள். கடைசித் தேதி 1880களில். அப்போது செய்ததுதானே?

பதில்: இல்லை ஐயா, அந்தத் தேதி துப்பாக்கி பிறந்த தேதி கிடையாது. அந்த வேலைப்பாட்டுக்குக் காப்புரிமை கிடைத்த தேதி. அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதை மட்டும் அது சொல்லும். பின்னால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

உங்களுடையது சேஃப்டி ஹேமர்லெஸ். பின்கட்டையை உள்ளங்கையால் நெருக்கிப் பிடித்தால்தான் சுடும். அதனால்தான் எலுமிச்சை பிழியும் கருவி என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்வார்கள். .38 வகை 1887இல், .32 வகை 1888இல் வந்து, இரண்டுமே 1940 வாக்கு வரை ஓடின. ஐம்பது வருஷ இடைவெளி! சீரியல் எண்ணை வைத்துத்தான் குறைக்க முடியும்.

வருஷத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. 1898 முடிவதற்குள் செய்த துப்பாக்கியை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. அதற்குப் பிந்தையது சாதாரணத் துப்பாக்கி. மாநிலச் சட்டங்கள் வேறு மாதிரி இருக்கலாம், நியூ ஜெர்சியில் குறிப்பாகக் கவனம் தேவை. அதனால் கொடுக்கல் வாங்கலுக்கு முன்னால் கடைக்காரரையோ வழக்கறிஞரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): நிக்கல் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அசல் பூச்சா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நல்ல வெளிச்சத்தில் ட்ரிகரைப் பாருங்கள். தொழிற்சாலை நிக்கல் பூசிய காலத்தில் ட்ரிகருக்கு நிக்கல் பூசவில்லை. வெப்பத்தில் பதப்படுத்திய எஃகில் வரும் நீலமும் பழுப்பும் கலந்த புள்ளிப் பரவல் அதில் இருக்க வேண்டும். உங்களுடையது போன்ற, குழல் கீழே மடங்கித் திறக்கும் பழைய வகைகளில் ட்ரிகரைச் சுற்றிய வளைவு கருநீலமாக இருக்கும். ட்ரிகர், வளைவு எல்லாமே வெள்ளி மாதிரி மின்னினால் வேறு யாரோ பின்னாளில் பூசியது.

அடுத்தது எழுத்துகள். குழலில் பொறித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மறுபடி பாலிஷ் போட்டால் எழுத்தின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகளைச் சுற்றி லேசாகக் குழி விழும். விரல் நகத்தால் தடவினாலே தெரியும். ஆனால் தொழிற்சாலையே திரும்ப வாங்கிப் பூசியதும் உண்டு. அப்படியானால் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கலாம், பிடியைக் கழற்றினால் உள்ளே ஃபிரேமின் இடப்பக்கம் மாதமும் வருஷமும் சின்ன எண்களில் அடித்திருக்கலாம். அது விலையைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தத் துப்பாக்கியின் வரலாறு, அழிக்காதீர்கள்.

கேள்வி (ஹியூஸ்டன்): என்னுடையது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டெரியர். குழலில் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்று இருக்கிறது. கடையில் .38 ஸ்பெஷல் தோட்டாதான் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: போடக் கூடாது. பெயரில் 38 ஒன்றுதானே தவிர இரண்டும் வேறு. .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவின் உலோகக் கூடு சுமார் 19.7 மில்லிமீட்டர் நீளம். ஸ்பெஷலின் கூடு 29 மில்லிமீட்டருக்கும் மேல். முந்தையது குட்டை, ஆனால் சற்றுத் தடிமன். ஸ்பெஷலின் அழுத்தமும் அதிகம். அறையைக் குடைந்து ஸ்பெஷல் நுழையும்படி யாராவது மாற்றியிருந்தால் இன்னும் ஆபத்து. டெரியர் 1936இல், ஜே ஃபிரேமுக்கு முந்தைய சிறிய ஐ ஃபிரேமில் வந்தது. அதன் தோட்டாவை மட்டும் போடுங்கள். முதலில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (சிகாகோ): இன்னொரு அமெரிக்க நிறுவனமான கோல்ட்டா, ஸ்மித்தா என்று தூரத்திலிருந்தே எப்படிச் சொல்வது?

பதில்: சிலிண்டர் கட்டையைப் பாருங்கள். கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட்டின் சிலிண்டர் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும், ஸ்மித் எதிர்த் திசையில். 1927இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷலில் ஆறு அறைகள். கோல்ட்டில் சிலிண்டர் கை மடங்கும் இடத்தில்தான் சீரியல் எண்ணே இருக்கும். முதல் கேள்விக்கு நான் சொன்னதற்கு நேர் எதிர், அதனால் எந்த நிறுவனம் என்று தெரிந்துகொண்டுதான் எண்ணைத் தேட வேண்டும்.

கேள்வி (டாம்பா): முத்திரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரி இருக்கிறது, ஆனால் எழுத்து சரியாக இல்லை.

பதில்: ஸ்பெயினின் எய்பார் நகரப் பட்டறைகளில் செய்ததாக இருக்கலாம். ட்ரோக்கௌலா அரன்சபால் நிறுவனம் தன் மூன்று எழுத்துகளை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முத்திரை போலவே பின்னிப் பொறித்தது. முத்திரையைப் பெரிதுபடுத்திப் படம் எடுத்துப் பாருங்கள், எழுத்துகள் தானாகப் பிரிந்து தெரியும்.

கேள்வி (திருநெல்வேலி): தாத்தாவின் உரிமத்தில் இருந்த .32 ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். அது எந்த வருஷத்தது என்று தெரிய வேண்டும்.

பதில்: தம்பி, வருஷம் பார்ப்பது பிறகு. உரிமம் அவர் பெயரில் இருந்ததால், இப்போது அது உங்கள் வீட்டில் இருப்பதே சட்டச் சிக்கல். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 21ஆவது பிரிவின்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமில்லாமல் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது அப்புறம். எடுத்துச் செல்வதற்கு முன் காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்து எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். ஒப்படைக்கும்போது குழலில் உள்ள பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கான்பூர் தொழிற்சாலையா, பிரிட்டனின் வெப்லியா, ஸ்மித்தா என்று அதிலிருந்தே தெரியும். கான்பூர் ரிவால்வருக்குப் போடும் .32 லாங் தோட்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896இல் தன் முதல் ஐ ஃபிரேம் ரிவால்வரோடு கொண்டுவந்ததுதான்.

கேள்வி (அட்லாண்டா): துரு போக உப்புத்தாள் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் பட்டால் பழைய நீலப் பூச்சு திரும்ப வராது. சுத்தம் செய்வதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்து.