லாசாவின் பிரபுக்களும் பெய்ஜிங்கின் அம்பான்களும்: கேள்வி பதில்

கேள்வி: சீனாவை ஆண்ட சிங் பேரரசின் மேற்பார்வையில் திபெத் இருந்த காலத்தில், அன்றாட ஆட்சியை நடத்தியவர்கள் யார்?

பதில்: திபெத்தியப் பிரபுக்களே. சிங் படை துங்கார் மங்கோலியரை 1720இல் லாசாவிலிருந்து விரட்டிய பிறகு, கலோன்கள் எனப்பட்ட அமைச்சர்களிடம் நிர்வாகம் வந்தது. 1727இல் அவர்களுள் மூவர் தலைமை அமைச்சர் காங்சென்னேயைக் கொன்றனர். சாங் பகுதியைச் சேர்ந்த போலாநே என்ற பிரபு படை திரட்டிப் போரிட்டு, சிங் படை வந்து சேர்வதற்கு முன்பே, 1728இல் லாசாவைக் கைப்பற்றிவிட்டார். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேரரசர் அவரை ஆட்சியில் அமர்த்தினார் என்பதைவிட, வென்று நின்றவரை ஏற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

கேள்வி: அப்படியானால் அம்பான்களுக்கு என்ன வேலை, ஐயா?

பதில்: அம்பான் என்பவர் லாசாவில் தங்கியிருந்த பேரரசின் பிரதிநிதி. போலாநே காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாகவே இருந்தனர்; லாசாவிலிருந்த சிங் காவற்படையும் 1733இல் 500 பேராகக் குறைக்கப்பட்டது. ஏழாம் தலாய் லாமாவோ 1728 முதல் 1735 வரை லாசாவுக்கு வெளியே, கிழக்குத் திபெத்தில் வைக்கப்பட்டிருந்தார்.

கேள்வி: 1750இல் நடந்தது என்ன?

பதில்: போலாநே 1747இல் இறந்ததும் அவர் மகன் கியுர்மே நம்கியால் பொறுப்பேற்றார். அவர் துங்கார்களுடன் தொடர்பு வைத்துக்கொண்டு சிங் பிடியிலிருந்து விலக முயல்கிறார் என்று அம்பான்கள் ஃபூசிங்கும் லாப்தோனும் அஞ்சினர். கையில் போதிய படையில்லாத நிலையில், 1750 நவம்பரில் அவரைத் தங்கள் இல்லத்துக்கு அழைத்து, அங்கேயே வெட்டிக் கொன்றனர். அவருடைய பணியாளர் லோப்சாங் தாஷி தப்பியோடிக் கூட்டத்தைத் திரட்டிவர, அந்த வீடு முற்றுகையிடப்பட்டு, அம்பான்கள் இருவரும் மாண்டனர். உயிர்தப்பிய சீனர்கள் பொட்டாலா அரண்மனையில் தலாய் லாமாவிடம் அடைக்கலம் புகுந்தனர். அன்று நகரில் ஒழுங்கை மீட்டவர்கள் தலாய் லாமாவும் டோரிங் குடும்பத்துக் கலோன் பண்டிதாவும்தான். வெளியிலிருந்து வந்த படை அல்ல. 1751இல் தனி ஒரு பிரபுவின் ஆட்சி ஒழிக்கப்பட்டு, தலாய் லாமாவின் கீழ் நான்கு கலோன்கள் கொண்ட காஷாக் அவை அமைந்தது.

கேள்வி: அதன் பின் பிரபுக்கள் செல்வாக்கு இழந்தார்களா?

பதில்: இல்லை. நான்கு இடங்களில் மூன்று அவர்களுக்கே உரியவையாயின. பிரபுக் குடும்பம் ஒன்று தன் பரம்பரை நிலத்தை வைத்திருக்க, அரசுப் பணிக்கு ஓர் ஆண்மகனை அனுப்ப வேண்டும். நிலமும் பதவியும் இப்படிப் பிணைந்திருந்ததால், அவர்களை விலக்கிவிட்டு அங்கே ஆட்சி நடத்த யாராலும் இயலவில்லை. நேபாளத்தின் கூர்க்காக்களுடன் நடந்த போருக்குப் பின் 1793இல் சிங் அரசிடமிருந்து வந்த 29 விதிகள் அம்பான்களைத் தலாய் லாமாவுக்கு நிகராக உயர்த்தின. ஆனால் அவை எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தன என்பது அம்பானின் திறமையைப் பொறுத்தே அமைந்தது. அப்போரில் கூர்க்காக்களிடம் சிறைப்பட்டுக் காத்மாண்டு கொண்டு செல்லப்பட்ட கலோன் தென்சின் பெல்ஜோர், நான் மேலே குறிப்பிட்ட பண்டிதாவின் மகன். அவர் பின்னாளில் எழுதிய குடும்ப வரலாறு, இந்த ஆட்சியை அதற்குள் இருந்தவரின் கண்ணால் நமக்குக் காட்டுகிறது.