மேய்ப்பர் பணி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாதம் இரண்டு ஞாயிறு நான் பிரசங்கிக்கிறேன். எப்படியும் 40 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. வாலிபர்கள் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். எதைக் குறைப்பது?
– உபதேசியார் ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கருத்துகளைக் குறையுங்கள், நேரம் தானாகக் குறையும். 40 நிமிடப் பிரசங்கத்தை எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் அதற்குள் மூன்று பிரசங்கம் இருக்கும். முன்னுரை ஒன்று, இணைவசனங்களை (அதே கருத்தைச் சொல்லும் வேறு வசனங்களை)த் தேடிப் போன இடத்தில் இன்னொன்று, "கடைசியாக" என்று இரண்டாம் முறை சொன்ன பிறகு மூன்றாவது.

மத்தேயு 20:1-16ஐ எடுத்துக்கொள்வோம். திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் பகுதி; காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கும் உவமை. கிருபை, பொறாமை, ஊழியம், பிந்தினோர் முந்தினோர் என்று நான்கு வழிகள் அதில் பிரிகின்றன. நான்கிலும் நடந்தால் எதிலும் ஊர் போய்ச் சேரமாட்டீர்கள். ஒன்றை வியாழக்கிழமைக்குள் ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள்: "வேலை கிடைக்காதவனுக்கும் அன்றைக்குச் சாப்பாடு வேண்டும் என்பது வீட்டெஜமானுக்குத் தெரியும்." இதற்கு உதவாத வசனம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் இன்னொரு ஞாயிறுக்குக் காத்திருக்கட்டும். இணைவசனம் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பிறகு பகுதிக்குள்ளேயே நில்லுங்கள். 'ஒரு பணம்' என்பது அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பதினோராம் மணி என்றால் மாலை ஐந்து. பொழுது விடிந்ததிலிருந்து கணக்கு. இதைச் சொல்லாவிட்டால் பாதிப்பேர் காலை பதினொன்று என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள் (7ஆம் வசனம்). அவர்கள் சோம்பேறிகள் அல்ல. நம் ஊர் முக்குகளில் விடிந்ததும் தூக்குவாளியோடு நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் பாருங்கள். பத்து மணிக்குள் யாரும் கூப்பிடாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அவர்களில் சிலர் உங்கள் கடைசி பெஞ்சிலும் இருப்பார்கள்.

பிரசங்க மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகும். 20 நிமிடத்துக்கு 1,800 சொற்கள். முன்னுரைக்கு மூன்று, வேதபகுதிக்கு எட்டு, வாழ்க்கையோடு பொருத்துவதற்கு ஏழு, முடிக்க இரண்டு என்று நிமிடங்களைப் பிரியுங்கள். சனிக்கிழமை நின்றபடி, கடிகாரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் வாசித்தால் எப்போதும் நேரம் குறைவாகவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த ஏழு நிமிடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "நாமும் அப்படி வாழ்வோமாக" என்பதைக் கேட்டு யாரும் எதுவும் செய்வதில்லை. நீட் தேர்வில் மதிப்பெண் போதாத பிள்ளையின் வீட்டுக்கு இந்த வாரம் என்ன பேசிக்கொண்டு போவது, நம் வீட்டில் வேலை செய்பவருக்குக் கூலியை எப்போது கொடுப்பது என்று சொல்லுங்கள். வாரத்துக்கு நாலைந்து வீடாவது போய் வராத பிரசங்கியாருக்கு இந்தப் பகுதி எழுத வராது.

செல்போனைப் பற்றி மேடையிலிருந்து திட்ட வேண்டாம். அதில் வேதாகமத்தைத் திறந்திருப்பவர்களும் உண்டு.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்குத் தமிழ் புரிவதில்லை. பிரசங்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறோம். இரு தரப்புக்கும் அலுப்பாக இருக்கிறது.
– சபைச் செயலர், லண்டன்

பதில்: வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிக்கும். ஆகவே 12 நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். சபை கேட்பது 25 நிமிடம். எழுதியதை வெள்ளிக்கிழமையே மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் போதும். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீங்கள் பாதியில் நிறுத்தினால் அவர் ஊகித்துத்தான் பேச வேண்டும். சிலேடையும் பழமொழியும் வேண்டாம். பாடலும் வேதவாசிப்பும் தமிழிலேயே இருக்கட்டும். மொழி காதில் விழ வேறு இடம் அந்தப் பிள்ளைகளுக்கு அதிகமில்லை.

கேள்வி: எங்கள் சபையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதியைப் பிரிக்கும் சுவர். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் சிலர் உட்காருவதே இல்லை, சாப்பாட்டை வீட்டுக்கு வாங்கிப் போய்விடுகிறார்கள். ஒரு ஞாயிறு வெளிப்படையாகக் கண்டித்துப் பேசலாம் என்று இருக்கிறேன்.
– ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட குருவானவர்

பதில்: பேசுங்கள். ஆனால் பேச்சோடு நின்றால் உங்களுக்கு இடமாற்றம் வரும், சுவர் அங்கேயே இருக்கும். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவர் கேட்டது நியாயம். அதை ஊருக்குள் நின்று நடத்த ஆள் போதவில்லை என்பது எங்கள் கருத்து.

உங்கள் கையில் இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். நற்கருணைக்கு எந்த வரிசையில் வருகிறார்கள்? அசனத்தில் சமைப்பது யார், பரிமாறுவது யார்? இவை வழக்கத்தால் நடப்பவை. பந்தி வரிசையைக் குலுக்கல் முறையில் வைத்தாலே பாதி உடையும். கமிட்டி உறுப்பினர்களை ஒவ்வொருவராக வீட்டில் போய்ப் பாருங்கள். ஒத்து வருபவர் மூவர் கிடைத்த பிறகு கூட்டத்தில் வையுங்கள்.

கல்லறைக்கு ஒரே விதி போதும்: குறித்த தேதிக்குப் பிறகு, இறந்த வரிசைப்படி அடுத்த குழி. துக்கம் எதுவும் இல்லாத மாதத்தில் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, பேராயத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் பிணம் கிடக்கும்போது இதை எடுத்தால் கைகலப்பில்தான் முடியும்.

பிரசங்கத்துக்குக் கலாத்தியர் 2:11-14 பொருத்தம். புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பவுல் முகத்துக்கு முன்பாகவே கேட்கிறார். அசனத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பேசுங்கள், அன்றைக்கே பேசினால் இலை போட்ட பின் சண்டை. பொறுமையாகப் போங்கள் என்பதைத் தள்ளிப்போடச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஜெபத்துக்கு வருபவர்கள் சொல்வதைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் உதாரணமாகச் சொல்லலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கூடாது. 200 பேர் உள்ள சபையில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். அடுத்து யாரும் வந்து பேசமாட்டார்கள். ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே கதைதான்.

ரகசியத்துக்கு ஒரு எல்லை உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். போதகருக்கு அதில் விலக்கு இல்லை. "சபைக்குள் பேசி முடிப்போம்" என்பவர்கள் 21ஆம் பிரிவையும் படிக்கட்டும், தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். கணவன் அடிக்கிறான் என்று வரும் பெண்ணை ஜெபித்து அதே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் அவர் இன்றிரவு எங்கே பாதுகாப்பாகத் தங்குவார் என்று கேளுங்கள். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டு எண்களையும் ஆலய அறிவிப்புப் பலகையிலும், பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டி வையுங்கள்; பலகை முன்னால் நின்று குறித்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.