பை இல்லாமல் மீனையும் கீரையையும் எப்படி வைப்பது?

கேள்வி: பொலித்தீன் பைகளை இனிமேல் பாவிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். சந்தைக்குப் பை கொண்டு போவது பழகிவிட்டது. சமையலறையில்தான் தடுமாறுகிறேன். உறைபெட்டியில் வைக்கும் மீன் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடுகிறது, கீரை மறுநாளே வாடுகிறது. மழைக் காலத்தில் கருவாடு பூஞ்சணம் பிடிக்கிறது, அது பையில் வைத்தபோதும் நடந்ததுதான். பை இல்லாமல் எதுவும் இருக்காது என்கிறார் மாமி. கண்ணாடிப் பெட்டிகள் ஒரு தொகுதி வாங்கத்தான் வேண்டுமா? சேர்த்து வைத்திருக்கும் பழைய பைகளை என்ன செய்வது?
— ஒரு வாசகி, கல்முனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமி சொல்வதில் பாதி சரி. பொலித்தீன் பை இரண்டு வேலைகளைச் செய்கிறது: உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுவதில்லை, வெளிக்காற்றை உள்ளே விடுவதில்லை. கீரைக்கு முதல் வேலை தேவை, உறைய வைக்கும் மீனுக்கு இரண்டாவது தேவை. ஆனால் கருவாட்டுக்கும் வெங்காயத்துக்கும் பை உதவியதே இல்லை. அவற்றின் ஈரத்தை அவற்றுக்குள்ளேயே அடைத்து வைத்துப் பழுதாக்கியது அதுதான். ஆகவே பைக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பாத்திரத்தைத் தேடாமல், எந்தப் பொருளுக்கு ஈரம் வேண்டும், எதற்குக் காற்று படக்கூடாது, எதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால், தேவையான பாத்திரங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருப்பதைக் காண்பீர்கள். கண்ணாடித் தொகுதிக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மீனிலிருந்து தொடங்குவோம், நம் பக்கத்து வீடுகளில் அதுதான் பெரிய சிக்கல். துண்டு போட்ட அறுக்குளாவையோ பாரையையோ கழுவி, நீரை நன்றாக வடியவிட்டு, துணியால் ஒற்றி, ஒரு தட்டையான எவர்சில்வர் தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி பரப்பி உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மேற்புறம் கல்லாக இறுகிவிடும். பிறகு தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் சிறிது தண்ணீர் ஊற்றினால் துண்டுகள் கழன்று விழும். அவற்றை உடனே இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி மீண்டும் உள்ளே வைத்துவிடலாம். இப்படி உறைந்தவை பின்னர் ஒட்டிக்கொள்வதில்லை, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். ஒரு கறிக்கு அளவான சிறிய டப்பாக்களே நல்லவை. பெரிய டப்பா பாதி காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்று மீனை உலர்த்தி ஓரங்களை வெளுத்துச் சக்கையாக்கிவிடும். பை மீனோடு ஒட்டிக் கிடந்து தடுத்தது இதைத்தான்.

இறாலுக்கு இன்னும் எளிய வழி உண்டு. வாவி இறாலைச் சுத்தம் செய்து டப்பாவில் இட்டு, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு விரல் அகலம் இடம் விட்டு உறைய வையுங்கள். பனிக்கட்டியே உறையாகிவிடுவதால் காற்றுக்கு அங்கே வேலையில்லை. இதற்குக் கண்ணாடிப் போத்தலைப் பாவிக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது விரிவதால், கழுத்துக் குறுகிய ஜாம் போத்தல்கள் வெடித்துவிடும்.

மீனைப் பற்றி ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். சூரை போன்ற மீன்கள் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். பின்னர் உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பும் அரிப்பும் உண்டாகலாம். சந்தையிலிருந்து மீன் விரைவாக வீடு வந்து சேர்வது, அதை எந்தப் பாத்திரத்தில் வைக்கிறீர்கள் என்பதைவிட முக்கியமானது. அன்றே சமைக்கப் போகும் மீனை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள், அதன் நீர் வேறு உணவின் மேல் சொட்டக்கூடாது.

தேங்காய்ப்பூவையும் ஒரு நாள் தேவைக்கு அளவாகச் சிறு டப்பாக்களில் உறைய வைக்கலாம். உடைத்த தேங்காயில் கண்ணுள்ள பாதிதான் முதலில் பழுதாகும் என்பதால், அதை முதலில் துருவும் நம் வீட்டு வழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

கீரைக்கு வேண்டியது ஈரத் துணி. பொன்னாங்காணியையும் முளைக்கீரையையும் வாங்கியவுடன் கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, கழுவாமல், நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, அதிலிருந்து நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் இலை அழுகும். வேரோடு கிடைக்கும் வல்லாரையை ஒரு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் குளிர்சாதனப் பெட்டிகூடத் தேவையில்லை. கறிவேப்பிலைக்கு முறை நேர்மாறானது: இலைகளை உருவி, ஈரம் போகத் துடைத்து, காய்ந்த ஜாம் போத்தலில் மூடி வைக்க வேண்டும். வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் அப்படித்தான் உலர்ந்திருக்க வேண்டும். துணிக்குப் பழைய சாறனோ பருத்திச் சேலையோ போதும். மருதமுனைக் கைத்தறித் துணி புதிதாக வாங்கினால், கஞ்சி போகும்வரை ஊறவைத்து அலசிய பின் பாவியுங்கள். எந்தத் துணியானாலும் வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

கருவாட்டுக்கு வருவோம். மாரி மழை தொடங்குமுன் நல்ல வெயிலில் மீண்டும் ஒரு முறை காயவைத்து, சூடு முழுவதும் ஆறிய பின் கண்ணாடிப் போத்தலில் அடைத்து வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீரிலேயே பூஞ்சணம் தொடங்கும். வறுத்த அரிசி மாவுக்கும் இதே விதி. வெங்காயத்தையும் உள்ளியையும் பனையோலைப் பெட்டியிலோ, கழுவிக் காயவைத்த தயிர்ச் சட்டியிலோ திறந்தே வையுங்கள். உருளைக்கிழங்கை அவற்றோடு சேர்க்காதீர்கள். அரிசியைப் பேணியில் இறுக மூடினாலும் வண்டு வருகிறதே என்று பலர் கேட்பதுண்டு. வண்டின் முட்டை பெரும்பாலும் மணிக்குள்ளேயே வீடு வந்து சேர்கிறது. காய்ந்த வேப்பிலை வண்டை ஓரளவு விரட்டுமே தவிர முட்டையை அழிக்காது. சிறிய அளவு அரிசியானால் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தெடுப்பது உறுதியான வழி.

சமைத்த சோற்றைப் பொறுத்தவரை, அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக் குளிரில் வைத்துவிடுங்கள். இடியப்பத்தையும் பிட்டையும் நெருப்பில் வாட்டிய வாழையிலை விரித்த டப்பாவில் வைக்கலாம். உணவு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற் 2017ஆம் ஆண்டிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலுள்ள வேதிப்பொருட்கள் உணவில் கூடுதலாகக் கலக்கும் என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய செய்தித்தாளும் அதற்கு மாற்றாகாது, அச்சு மை உணவில் ஒட்டும். இப்போது பேசப்படும் தேன்மெழுகுத் துணியை நம் வெயிலுக்கும் மீன் சமையலுக்கும் நான் நம்புவதில்லை. சுடுநீரில் மெழுகு கரையும் என்பதால் அதைக் குளிர்ந்த நீரில்தான் கழுவ முடியும். பச்சை மீன் பட்ட துணியை அப்படிக் கழுவி மறுபடி பாவிக்க முடியாது.

கடைசியாக, சேர்த்து வைத்திருக்கும் பைகள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. உணவு வாசனை ஒட்டிய பைகளைத்தான் அவை உணவோடு சேர்த்து விழுங்குகின்றன. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் குப்பையில் கொட்டாதீர்கள். மீனோ இறைச்சியோ வைத்த பைகளைக் கழுவி உலர்த்தி, உணவு மிச்சம் சேராத உலர்ந்த குப்பையைக் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உணவுக்கு மறுபடி எடுக்க வேண்டாம். மற்றவற்றைக் கிழியும்வரை மரக்கறி வாங்கக் கொண்டு போகலாம். ஐஸ்கிரீம் டப்பாக்களையும் எறிய வேண்டியதில்லை. ஆறிய, உலர்ந்த பொருட்களுக்கு அவை போதும்.